நிக்கார் லென்ஸும் வீடியோ கேமராவும்: நடுவில் 27.25 மில்லிமீட்டர்

பழைய ஸ்டில் கேமரா லென்ஸை வீடியோ கேமராவில் மாட்ட நினைக்கிறவர்கள் பணத்தையெல்லாம் கண்ணாடியில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் சில்லறைக்கு அடாப்டர் வாங்குகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1970, 80-களில் நிக்கான் கடைந்த கண்ணாடி இன்றைய 4கே சென்சாருக்குத் தாராளமாகத் தாங்கும். படம் மங்கல், தூரத்துக் கோபுரம் ஃபோகஸுக்கே வரவில்லை, வளையத்தைத் திருப்பினால் ஃபிரேம் குதிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை லென்ஸின் குற்றம் அல்ல. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும் உலோக வளையத்தின் குற்றம்.

எல்லா லென்ஸையும் எல்லா கேமராவையும் பற்றிப் பேசினால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் இங்கே ஒரே ஜோடி: நிக்கானின் மேனுவல் ஃபோகஸ் நிக்கார் லென்ஸ்கள், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுன்ட் உள்ள பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே. கணக்கு புரிந்துவிட்டால் சோனி, பானசோனிக் என்று எதற்கும் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

லென்ஸ் வந்து அமரும் மவுன்ட் முகத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் நிரந்தரம். ஃப்ளாஞ்ச் தூரம் என்பார்கள். நிக்கான் எஃப் 46.5 மி.மீ. எம்42 திருகு மவுன்ட்டும் பென்டாக்ஸ் கே-யும் 45.46. கேனான் ஈஎஃப் 44, பழைய கேனான் எஃப்டி 42. உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இது மிகக் குறைவு: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, சோனி இ 18, கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16. லென்ஸின் எண்ணிலிருந்து கேமராவின் எண்ணைக் கழித்தால் வருவதுதான் அடாப்டரின் கனம். 46.5-இல் 19.25 போனால் 27.25. சோனிக்கு 28.5. கேனான் ஈஎஃப் உடம்புக்கு வெறும் 2.5.

கழித்தால் மைனஸில் வரும் ஜோடியை மறந்துவிடலாம். கேனான் எஃப்டி லென்ஸை ஈஎஃப் கேமராவில் போட 2 மி.மீ. கேமராவுக்குள்ளே போக வேண்டும். அதற்காக நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அந்த மலிவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நல்ல எஃப்டி லென்ஸும் சோப்பு நுரை பூசியதுபோல் ஆகிவிடும். அதே எஃப்டி லென்ஸ் மிரர்லெஸ் கேமராவில், அடாப்டரில் கண்ணாடியே இல்லாமல் அருமையாக வேலை செய்யும்.

நிக்காரைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் அபெர்ச்சர், அதாவது மெல்லிய இலைகள் சூழ்ந்த, ஒளி நுழையும் துவாரம். லென்ஸிலேயே வளையம் இருக்கிறது. கேமராவை விட்டுக் கழற்றினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தானாகவே இலைகளை நீங்கள் வைத்த எண்ணுக்கு மூடிவிடும். ஆகவே அடாப்டரில் எந்த நெம்புகோலும் வேண்டாம், வெறும் குழாய் போதும். எஃப்டி-யில் கழற்றினால் இலைகள் திறந்தே நிற்கும். அடாப்டரில் ஒரு முள் வந்து தள்ள வேண்டும். கேனான் ஈஎஃப் லென்ஸில் அபெர்ச்சரை நகர்த்துவதே மின்சாரம். கம்பித் தொடர்பு இல்லாத அடாப்டரில் போட்டால் முழுக்கத் திறந்தே கிடக்கும். (கேனான் உடம்பில் மாட்டி, எண்ணை வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் அந்த எண்ணில் உறைந்து நிற்கும். அவசரத்துக்கு உதவும்; காட்சிக்குக் காட்சி செய்து பார்த்தால் வெறுத்துவிடும்.) நிக்கானிலேயே ஜி வகை லென்ஸில் வளையம் கிடையாது. அதற்கென்று நீல வளையமோ புள்ளி வளையமோ வைத்த அடாப்டர் உண்டு. ஆனால் அதில் எஃப் எண்கள் இருக்காது, குத்துமதிப்புதான்.

நிக்காரிலும் ரகம் உண்டு. 1977-இல் வந்தது ஏஐ வரிசை. 80-களின் தொடக்கத்தில் வந்தது ஏஐ-எஸ். புகைப்படக்காரர்கள் ஏஐ-எஸ்ஸுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பார்கள். வீடியோவுக்கு நேர்மாறாக யோசிக்க வேண்டும். ஏஐ-எஸ்ஸில் பல லென்ஸ்களின் ஃபோகஸ் சுற்றைக் குறைத்துவிட்டார்கள், கை வேகமாகத் திருப்பட்டும் என்று. நமக்கு வேண்டியதோ நீளமான சுற்று. சினிமா லென்ஸில் 270, 300 பாகை இருப்பது சும்மா இல்லை. ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு மெல்ல நகர அந்த இடம் வேண்டும். ஒரே லென்ஸ் இரண்டு ரகத்திலும் கிடைத்தால் ஏஐ-யை எடுங்கள். அடையாளம் சுலபம்: ஏஐ-எஸ்ஸில் கடைசி அபெர்ச்சர் எண் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதற்கும் முந்தைய லென்ஸ்கள் சில நிக்கான் உடம்புகளில் மாட்டினால் கேமராவையே உடைக்கும் என்று மலிவாகப் போகும். குழாய் அடாப்டருக்கு அந்தப் பயம் கிடையாது.

இன்னொரு சௌகரியம் ஃபில்டர் மரை. 24 எஃப் 2.8 (முதல் எண் மி.மீ.யில் குவிய நீளம், அடுத்தது முழுக்கத் திறந்த அபெர்ச்சர்), 28 எஃப் 2.8, 35 எஃப் 2, 50 எஃப் 1.8, 50 எஃப் 1.4, 105 எஃப் 2.5, 135 எஃப் 2.8 எல்லாமே 52 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் 52-இலிருந்து 77-க்குப் போகும் ஸ்டெப் அப் வளையத்தை நிரந்தரமாகத் திருகி விட்டுவிட்டால் ஒரே ஃபில்டர் எல்லாவற்றுக்கும் ஓடும்.

இனி அந்த வளையம்.

மலிவு அடாப்டர்களில் பெரும்பாலானவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகக் கடைவார்கள். கனமாகிவிட்டால் லென்ஸ் இன்ஃபினிட்டிக்கே, அதாவது மிகத் தொலைவின் ஃபோகஸுக்கே, வராது. வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். மெலிதாக இருந்தால் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போகும், அவ்வளவுதானே என்று புகைப்படக்காரர் சட்டை செய்ய மாட்டார். வீடியோவில் அது உதைக்கும். லென்ஸ் மேல் பொறித்திருக்கும் மீட்டர் அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். அளந்து குறி வைத்து ஃபோகஸ் இழுக்கவே முடியாது.

எவ்வளவு பொய் என்பது லென்ஸின் குவிய நீளத்தைப் பொறுத்தது. குவிய நீளத்தின் வர்க்கத்தை அடாப்டரின் குறைபாட்டால் வகுத்தால், மலையோ நட்சத்திரமோ தெளிவாகும் இடத்தில் லென்ஸின் அளவுகோல் காட்டப்போகும் தூரம் வரும். அடாப்டர் 0.05 மி.மீ. மெலிது என்று வைத்துக்கொள்வோம், தலைமுடி கனத்துக்கும் குறைவு. 135 லென்ஸில் அது 364 மீட்டர், கண்டுகொள்ளவே முடியாது. 50-இல் 50 மீட்டர், பரவாயில்லை. 24-இல் 576-ஐ 0.05-ஆல் வகுத்தால் பதினொன்றரை மீட்டர். இன்ஃபினிட்டி என்று எழுதிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே இன்ஃபினிட்டி வந்து போய்விடும். அதே 0.05 கனம் கூடிவிட்டாலோ, 24 லென்ஸ் பதினொன்றரை மீட்டருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாது. நீளமான லென்ஸில் சரியாக இருக்கிறது, அகலமான லென்ஸில் மட்டும் எதுவும் கூர்மையில்லை என்று யாராவது சொன்னால் இதுதான் காரணம்.

அகல லென்ஸுக்கு இன்னொரு அடியும் உண்டு. 24 எஃப் 2.8, 28 எஃப் 2.8 ஏஐ-எஸ் போன்றவற்றில் கிட்டத்து ஃபோகஸுக்காக உள்ளே சில கண்ணாடிகள் தனியாக நகரும். அளவுகோல் தவறினால் அந்தக் கண்ணாடிகளும் தவறான இடத்தில் நிற்கும். நடுவில் கூர்மை இருந்தாலும் ஓரங்கள் குழம்பிவிடும்.

இதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. இருப்பதில் மிக அகலமான லென்ஸை மாட்டி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, இரவில் தூரத்துச் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். திரையில் பெரிதாக்கி, அந்தப் புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, லென்ஸின் அளவுகோலைப் படியுங்கள். 24 லென்ஸில் 3 மீட்டர் காட்டினால் 576-ஐ 3000-ஆல் வகுக்க, 0.19 மி.மீ. 5 மீட்டர் என்றால் 0.12. 10 மீட்டர் என்றால் 0.06. அவ்வளவு கனத்துக்கு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) வைக்க வேண்டும்.

பெரும்பாலான அடாப்டர்கள் இரண்டு மூன்று வளையங்களைச் சின்ன ஸ்க்ரூக்களால் இணைத்தவை. பிரித்து, கேமரா பக்க வளையத்துக்கு அடியில் ஷிம் போகும். பித்தளை ஷிம் தகடு 0.05, 0.1 கனங்களில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். நுண்ணிய வித்தியாசத்துக்குச் சமையலறை அலுமினியத் தாள் உதவும், 0.01-இலிருந்து 0.02 வரை இருக்கும். பிரின்டர் காகிதம் சுமார் 0.1, ஆனால் ஸ்க்ரூ இறுக்க இறுக்க அமுங்கும், சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முழு வளையமாக வெட்ட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் ஒரே கனத்தில் துண்டுகள். ஒன்று கூடினாலும் லென்ஸ் சாய்ந்துவிடும். சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று எடுத்து இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிட்டால் போதும். மைக்ரோமீட்டர் கைவசம் இருந்தால் அடாப்டரின் இரு அமர்வு முகங்களுக்கு இடையே நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண வெர்னியர் காலிப்பரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

அடுத்தது ஆட்டம். லென்ஸை மாட்டி, கேமராவைக் கெட்டியாக நிறுத்தி, பதிவு செய்துகொண்டே ஃபோகஸ் வளையத்தை இருபுறமும் சட்டென்று மாற்றித் திருப்புங்கள். திரும்பும் கணத்தில் படம் பக்கவாட்டில் குதித்தால் பேயனெட்டில், அதாவது லென்ஸைத் திருப்பிப் பூட்டும் பிடியில், ஆட்டம் இருக்கிறது. கையால் திருப்பும்போது தெரியாது. ஃபாலோ ஃபோகஸ் (ஃபோகஸ் வளையத்தைப் பல்சக்கரத்தால் சுழற்றும் கருவி) கியர் பக்கவாட்டில் தள்ளும்போதுதான் வெளியே வரும். அடாப்டருக்குள் லென்ஸின் காதுகளை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கும். தட்டையான சின்ன ஸ்க்ரூ டிரைவரை உள்ளே கொடுத்து ஒவ்வொன்றையும் இம்மி நிமிர்த்தினால் பிடி இறுகும். ஒரேயடியாக நெம்பினால் ஒடிந்துவிடும். ஆட்டம் கேமரா பக்கத்தில் இருந்தால் சரிசெய்யச் சொந்தமாக முயல வேண்டாம். வேறு அடாப்டர் வாங்குவதுதான் வழி.

மூன்றாவது, உள் சுவர். நிக்கார் 43 மி.மீ. விட்டத்துக்கு ஒளியைக் கொட்டும் லென்ஸ். நம் கேமராவின் சென்சார் 18.96-க்கு 10 மி.மீ. மிச்ச ஒளியெல்லாம் அடாப்டரின் உள் சுவரில் பட்டுச் சிதறி, கறுப்பு சாம்பலாகிறது. பழைய லென்ஸில் கான்ட்ராஸ்ட் கிடையாது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் பார்த்தது இந்தப் பளபளப்பைத்தான். டார்ச் அடித்துப் பாருங்கள்; உள்ளே மின்னினால் ஒளியை விழுங்கும் கறுப்பு வெல்வெட் காகிதத்தை ஒட்டுங்கள், அல்லது மேட் கறுப்பு பெயின்ட் அடியுங்கள்.

சென்சார் சிறிதென்பதால் கோணமும் சுருங்கும். 36-ஐ 18.96-ஆல் வகுத்தால் 1.9. 24 லென்ஸ், முழு ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில் ஒரு 46 லென்ஸ் காட்டும் அளவுதான் காட்டும். சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும். இங்கேதான் ஸ்பீட் பூஸ்டர். மெட்டாபோன்ஸ் 2013 ஜனவரியில் அறிவித்தது. குழாய்க்குள் கண்ணாடி வைத்து, சிதறப்போகும் ஒளியையும் சேர்த்துச் சென்சாருக்குள் குவிக்கிறது. 0.71 பூஸ்டரில் 50 எஃப் 1.4 லென்ஸ் 35 எஃப் 1.0 ஆகிறது: கோணம் விரியும், ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) ஒளியும் கூடும். 24 லென்ஸ் இப்போது முழு ஃபிரேமின் 32 மாதிரி. 0.64 வகையில் 29. மேலே கண்ணாடி வைத்த அடாப்டரைத் திட்டிவிட்டு இங்கே புகழ்வது முரணாகத் தோன்றலாம். எஃப்டி-ஈஎஃப் கண்ணாடி பிம்பத்தைப் பெரிதாக்கிக் குறைகளையும் பெரிதாக்குகிறது, பூஸ்டர் சுருக்குவதால் குறைகளும் சுருங்குகின்றன. மலிவு பூஸ்டரில் ஓரங்கள் நீலம் பூத்து நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும், அதுவும் அபெர்ச்சரை மூடும்போது. என் எண்ணத்தில், மூன்று லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு லென்ஸைக் குறைத்து நல்ல பூஸ்டர் வாங்குவது மேல்.

பூஸ்டருக்கும் ஃப்ளாஞ்ச் சரிபார்ப்பு உண்டு. மெட்டாபோன்ஸில் கண்ணாடிக் குழாய் மரையில் இருக்கிறது. பக்கவாட்டில் பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்திக் குழாயைத் திருப்பினால் முன்பின் நகரும். அதே சிவப்பு விளக்கு, அதே அகல லென்ஸ். கேமராவின் ஸ்லேட்டில் குவிய நீளத்தைக் கையால் எழுதும்போது பெருக்கி வந்த எண்ணை, 50-க்கு 35 என்று, எழுத வேண்டும். எடிட்டிங்கில் அசைவைச் சரிசெய்ய அந்த எண் தேவைப்படும்.

அபெர்ச்சர் வளையத்தின் டிக் டிக் சத்தம் புகைப்படத்துக்கு உதவி, வீடியோவுக்கு இடைஞ்சல். வெளியிலிருந்து உள்ளே நடக்கும் காட்சியில் ஒளி படிப்படியாகக் குதிக்கும், மைக்கிலும் ஏறும். எடுத்துவிடலாம், கடினமில்லை. பின்பக்க மவுன்ட்டில் 3 அல்லது 5 ஸ்க்ரூக்கள். அவை ஜப்பானிய ஜேஐஎஸ் தலை; நம் சாதாரணப் பிலிப்ஸ் டிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் டிரைவரை முதலில் வாங்குங்கள். இறுகிப் போயிருந்தால் ஒரு துளி அசிட்டோன் விட்டுக் கொஞ்சம் பொறுங்கள். லென்ஸை முகம் கீழே நிறுத்தி மவுன்ட்டை நேராகத் தூக்குங்கள். அடியில் மெல்லிய உலோக வளையம் ஏதும் இருந்தால் அது தொழிற்சாலை வைத்த ஷிம். தொலைத்தால் இவ்வளவு நேரம் போட்ட கணக்கெல்லாம் வீண். அபெர்ச்சர் வளையம் எழும்பி வரும். அதன் உள்விளிம்பில் பள்ளங்கள், அவற்றில் உட்காரும் மேடுள்ள சின்ன ஸ்பிரிங் தகடு. நிக்காரில் பெரும்பாலும் இதுதான். மற்ற பிராண்டுகளில் அந்த இடத்தில் ஒரு சின்ன எஃகுக் குண்டு இருக்கும், அது தரையில் விழுந்தால் கதை முடிந்தது. தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டை எடுத்து, லென்ஸ் பெயர் எழுதிய கவரில் போட்டு வையுங்கள், திரும்ப விற்கும்போது வேண்டும். இனி வளையம் வழவழவென்று ஓடும், தொட்டாலே நகரும். கெட்டியான டேம்பிங் கிரீஸ் இரண்டு பொட்டு போதும். மூடும்போது வளையத்தின் முட்கரண்டி இலைகளை நகர்த்தும் ஊசியில் சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்க்ரூ போடவும்.

நிக்காருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஃபோகஸ் வளையம் சினிமா லென்ஸ்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும். தனியாக வேலை செய்கிறவருக்குப் பழகிவிடும். வாடகைக்கு வரும் ஃபோகஸ் புல்லருக்கு, அதாவது ஃபோகஸ் இழுக்கும் உதவியாளருக்கு, பழகாது, முக்கியமான டேக்கில் கை தானாக எதிர்ப்பக்கம் போகும். திசை மாற்றும் கியர் பெட்டி உள்ள ஃபாலோ ஃபோகஸோ, ரிவர்ஸ் அமைப்பு உள்ள வயர்லெஸ் மோட்டாரோ எடுங்கள். லென்ஸைச் சுற்றிப் போடும் பல் வளையம் 0.8 மாட்யூல் ஆக இருக்க வேண்டும், ஃபாலோ ஃபோகஸ் எல்லாம் அந்தப் பல்லுக்குத்தான். ஜிப் டை மாதிரி இறுக்கும் ரப்பர் பட்டையைத் தவிருங்கள். அதன் முடிச்சு வந்த இடத்தில் கியர் தட்டும். நம் லென்ஸின் விட்டத்துக்கே அச்சிட்ட முழு வளையம் விலை அதிகமில்லை.

ஃபோகஸ் மாற்றினால் ஃபிரேம் சுருங்கி விரிவதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சாதாரண 50 லென்ஸில் கண்ணாடி முழுவதும் ஒன்றாக முன்னே நகர்கிறது. இன்ஃபினிட்டியிலிருந்து லென்ஸுக்கு 45 செ.மீ. முன்னால் உள்ள பொருளுக்கு வர 6 மி.மீ.க்கு மேல் நகரும்; ஃபிரேம் 12 சதவீதம் இறுகும். இரண்டு பேர் மூன்று மீட்டரில் உட்கார்ந்து பேசினால் தெரியாது. மேசை மேல் மோதிரத்திலிருந்து பின்னால் நிற்கும் முகத்துக்குப் போனால் நன்றாகவே தெரியும்.

வெயிலில் எடுக்கிறவர்களுக்கு, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கணக்கு. ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 50-இல் ஒன்று (நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் விளக்குக்கும் இதுதான் பாதுகாப்பு). நல்ல வெயிலில் எஃப் 16-இலேயே மூன்று ஸ்டாப் அதிகம். எஃப் 2.8-க்கு வந்தால் இன்னும் ஐந்து, மொத்தம் எட்டு. பூஸ்டர் இருந்தால் ஒன்பது. 2-இலிருந்து 5 ஸ்டாப் என்று விற்கும் வேரியபிள் என்டி இதற்குப் போதாது. அதைக் கடைசிக் கோடு வரை திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறி விழும். இவ்வளவு கனமான என்டி போட்டால் அகச்சிவப்பு மட்டும் தாராளமாக உள்ளே வந்து, இந்தக் கேமராவில் கறுப்பு கோட்டுகள் பழுப்பாகும். ஐஆர் வெட்டும் என்டி என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது உள்ளே தூசி இருந்தால் கவலை வேண்டாம். கண்ணாடியின் பின்னாலிருந்து டார்ச் அடிக்கும்போது பனிபோல் படலம் தெரிந்தால் வேண்டாம். சிலந்தி வலை மாதிரி நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை, கடலோர ஊர்களில் மூடிய பீரோவுக்குள் வளர்வது. 40-இலிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினட்டிலோ, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவிலோ வைத்தால் வராது. இலைகளில் எண்ணெய் கசிந்த லென்ஸ் புகைப்படக்காரருக்கு ஆகாது, அந்த இலைகள் நொடிக்குள் மூடியாக வேண்டும். நாமோ காட்சிக்கு முன்பே வைத்துவிடுகிறோம். அபெர்ச்சர் எண்ணை மாற்றியதும் இலைகள் உண்மையிலேயே மூடுகின்றனவா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் அப்படிப்பட்டதைப் பேரம் பேசி வாங்கலாம்.

ஜூம் வேண்டுமென்றால் 80-200 எஃப் 4.5 மாதிரியான பழைய மேனுவல் ஜூம்களைப் பாருங்கள். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் 200-இல் ஃபோகஸ் பிடித்துவிட்டு 80-க்கு இழுப்பார்கள், அதனால் ஜூம் செய்தாலும் ஃபோகஸ் நகராதபடி பலவற்றைச் செய்தார்கள். இன்றைய ஆட்டோஃபோகஸ் ஜூம்கள் பலவற்றில் அந்தக் குணம் கிடையாது. 200-இல் கூர்மையாக வைத்துவிட்டு 80-க்கு இழுத்ததும் மங்கினால், லென்ஸைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அடாப்டரின் கனத்தை அளந்து பாருங்கள்.